கணினியின் வலியறிதல்

செஞ்சிக் கோட்டை மூன்று குன்றுகளின்மேல் அமைந்தது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துருக்கம் என்னும் அம் மூன்றனையும் நீண்ட மதில்கள் ஒன்றாக வளைத்து நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது இராசகிரி. ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பிளவொன்று வழியில் குறுக்கிடுகின்றது. முற்காலத்தில் அதன்மேல் மரப்பாலம் ஒன்று இருந்தது. அதனை எடுத்துவிட்டால் பகைவர் மேற்செல்ல வழியில்லை. 1690-ஆம் ஆண்டில் முகலாயப் படைத்தலைவன் சுல்பிகர்கான் இக் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவன் சிவாசியின் மகனாகிய இராசாராம். தளர்ந்தும் இறுகியும் அம் முற்றுகை 1698-ஆம் ஆண்டுவரை நீண்டது.

அத்தனை ஆண்டுகளையும் மதிலும் பிளவும் மட்டுமே தாங்கிவிடவில்லை. இன்று கோட்டைக்குள் செல்வோர் ஓங்கி நிற்கும் நெற்களஞ்சியங்களையும், பாறைகளுக்கிடையே அமைந்த குளங்களையும், சுனைகளையும் காண்பர். எத்தனை வீரர்க்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு நெல் வேண்டும், எவ்வளவு நீர் வேண்டும் என்னும் கணக்கே அக் கட்டடங்களாக உருப்பெற்றது. களஞ்சியம் நிறைந்திருந்து குளம் வற்றிவிடின் அந் நெல்லால் பயனில்லை. நீர் நிரம்பியிருந்து நெல் ஒழிந்துவிடினும் கோட்டை விழும். ஒன்றன் மிகுதி மற்றொன்றன் குறையை நிரப்பாது. திருவள்ளுவர் இத்தகைய ஆராய்ச்சிக்கு வலியறிதல் என்றே பெயரிட்டுத் தனியோர் அதிகாரம் வகுத்தார்.

அரசர்க்கு உரியதாயிருந்த இவ் ஆராய்ச்சி இக்காலத்தில் வேறோர் உருவில் மாணவர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பெற்றன. எழுதுபலகையும் மண்ணெண்ணெய் விளக்குமே கல்விக் கருவிகளாயிருந்த சிற்றூர்களில் கணினி நுழைந்தது. நுழைந்த மறுநாளே ஒரு வினாவும் எழுந்தது. ‘இந்த மென்பொருள் இதில் ஓடுமா? இந்த விளையாட்டு இதில் ஓடுமா?’ என்பதே அவ் வினா. ஓடும் என்பாரும் ஓடாது என்பாரும் தெருவிற்குப் பத்துப்பேர் உளர். அளந்து பார்த்துச் சொல்வார் அரியர்.

ஒரு மென்பொருளை ஆக்கியவர் அதனுடன் ஒரு பட்டியலையும் வெளியிடுவர். இன்ன இயங்குதளம், இன்ன மையச் செயலகம், இவ்வளவு நினைவகம், இத்தகைய வரைகலை அமைப்பு, வன்தட்டில் இவ்வளவு இடம் என்று அதில் கண்டிருக்கும். பெரும்பாலும் அப் பட்டியல் இரு பகுதியாக இருக்கும். ‘குறைந்த அளவு’ என்பது முதற்பகுதி. ‘பரிந்துரைக்கும் அளவு’ என்பது மற்றது. முதலாவதைப் பெற்ற கணினியில் அம் மென்பொருள் தொடங்கும், ஒருவாறு நகரும், அவ்வளவே. மனம் நோகாமல் பணிசெய்ய வேண்டுமாயின் இரண்டாவதையே நோக்குதல் வேண்டும். குறைந்த அளவினைக் கண்டு மகிழ்ந்து பணம் செலுத்தியவர் பலர் பின்னர்த் திரையைப் பார்த்துக்கொண்டு வாளா அமர்ந்திருப்பர்.

பட்டியலில் உள்ளவற்றுள் நினைவகமே மக்கள் நன்கறிந்தது. கடைவீதியில் அதனை ‘ரேம்’ என்று வழங்குவர். வன்தட்டு களஞ்சியம் போன்றது. நினைவகமோ அன்றைய சமையலுக்கு அளந்து எடுத்துவைத்த அரிசி போன்றது. கணினி அவ்வப்போது கையாள்வதெல்லாம் நினைவகத்தில் வந்து தங்கவேண்டும். அங்கு இடம் போதாதாயின் கணினி வன்தட்டின் ஒரு பகுதியைக் கடனாகக் கொள்ளும். வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆதலின் பணி நின்றுவிடாது. ஆனால், நின்றதுபோலவே தோன்றும்.

இயங்குதளம் 32-பிட்டா, 64-பிட்டா என்பதும் ஈண்டு அறியத்தக்கது. 32 இடங்களில் சுழியும் ஒன்றும் இட்டு எழுதத்தக்க முகவரிகள் 4,29,49,67,296. அஃதாவது 4 ஜிகாபைட். அதற்கு மேற்பட்ட நினைவகத்தை 32-பிட் விண்டோசு இயங்குதளம் பொதுவாக எட்டிப் பிடிக்க இயலாது. வேறொரு கட்டுப்பாடும் உண்டு. விண்டோசு 7-இன் ‘ஸ்டார்ட்டர்’ என்னும் பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்காதவாறு அமைக்கப்பட்டது. அத்தகைய பதிப்பு ஓடும் கணினியில் இன்னும் 2 ஜிகாபைட்டை விலைகொடுத்துச் செருகியவர், பூட்டிய அறைக்குள் நெல்லைக் கொட்டியவர் ஆவர். 64-பிட்டுக்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள் 32-பிட் இயங்குதளத்தில் ஓடவே ஓடாது. இன்றைய விளையாட்டுகளுட் பெரும்பாலன அவ் வகையினவே.

மையச் செயலகத்தின் விரைவு கிகாஹெர்ட்சு என்னும் அளவால் குறிக்கப்படும். இவ் எண் பெரிதாயின் செயலகமும் வலியது என்று எண்ணுதல் இயல்பே. அஃது எப்பொழுதும் உண்மையாகாது. செருமானிய நாட்டு நிறுவனமொன்று ஆக்கிய ‘கிரைசிஸ்’ என்னும் விளையாட்டு 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலக் கணினிகளுட் பல அதன் முன் தலைசாய்ந்தமையால், ‘இதில் கிரைசிஸ் ஓடுமா?’ என்று வினவுதல் உலகெங்கும் கணினி ஆர்வலரிடையே வேடிக்கைப் பேச்சாயிற்று. அதன் குறைந்த அளவுப் பட்டியலில் ‘பென்டியம் 4’ வகைச் செயலகமாயின் 2.8 கிகாஹெர்ட்சு வேண்டும் என்றும், பின்வந்த ‘கோர்’ வகையாயின் 2.0 கிகாஹெர்ட்சே போதும் என்றும் கண்டிருந்தது. ஒரே பட்டியலில் ஒரே பணிக்கு இரண்டு எண்கள்! ஒருவன் விரைந்து பல அடிகள் வைக்கின்றான். மற்றொருவன் நிதானமாக ஆனால் அகலமான அடிகள் வைக்கின்றான். இராசகிரிப் படிகளில் இருவரும் ஒருங்கே ஏறிவிடுதல் கூடும். ஆதலின் செயலகத்தின் வகையையும், அது தோன்றிய ஆண்டையும், அதனுள் எத்தனை உட்கருக்கள் உள்ளன என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

செயலகம் அறிந்த கட்டளைகள் எவை என்பதும் ஒன்று. படையில் முரசொலியால் ஆணையிடுவது பண்டை வழக்கு. புதிய முரசொலி ஒன்றனை வகுத்து, அதனைப் பயிலாத வீரரிடம் முழக்கினால் அவர் அசையமாட்டார். வலியின்மையால் அன்று, அறியாமையால். 2011-ஆம் ஆண்டில் ‘ஏவிஎக்ஸ்’ என்னும் கட்டளைத் தொகுதி செயலகங்களில் இடம்பெற்றது. ஆயினும் அவ் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விற்ற ‘பென்டியம்’ பெயருடைய செயலகங்களில் அஃது இல்லை. அத் தொகுதியை நம்பி ஆக்கப்பட்ட மென்பொருள் அவற்றில் தொடங்கும்பொழுதே நின்றுவிடும்.

வரைகலை அட்டையில் ஏமாறுவோரே மிகுதி. அதன் பெயரிலுள்ள எண்ணைக் கண்டு பெரியது எது, சிறியது எது என முடிவுசெய்கின்றனர். என்விடியா நிறுவனத்தின் 980 என்னும் அட்டை 2014-ஆம் ஆண்டில் வந்தது. 1030 என்னும் அட்டை 2017-இல் வந்தது. எண்ணாலும் ஆண்டாலும் மூத்தது எது, இளையது எது என்பது தெளிவு. வலியாலோ 980 மிகவும் உயர்ந்தது. அவ் வரிசைகளில் முற்பகுதி எண் தலைமுறையைக் காட்டும். இறுதி இரண்டு இலக்கங்களே தரத்தைக் காட்டும். எண்பது உயர்தரம், முப்பது கடைத்தரம். இஃது அறியாத இளைஞனிடம் ‘ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணுடைய அட்டை’ என்று சொல்லி விற்றல் எளிது.

பல மடிக்கணினிகளில் தனி வரைகலை அட்டை இராது. செயலகத்தினுள்ளேயே அமைந்த வரைகலைப் பகுதி, நினைவகத்தில் ஒரு கூற்றினைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். 2 ஜிகாபைட் நினைவகத்தில் இவ்வாறு அரை ஜிகாபைட் போய்விடின் எஞ்சுவது ஒன்றரையே. இயங்குதளம் அதிலும் பாதிக்குமேல் உண்டுவிடும்.

வன்தட்டைப் பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுவர்; விண்டோசு 1,024 ஆகக் கணக்கிடும். ஆதலின் 320 ஜிகாபைட் என்று விற்கப்பட்ட தட்டு, திரையில் 298 என்றே தோன்றும், எவரும் திருடிவிடவில்லை. மென்பொருளை விரித்து நிறுவும்பொழுது பட்டியலிற் கண்டதைவிடச் சற்று மிகுதியான இடம் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் தன் கணினியில் எங்ஙனம் காண்பது? விண்டோசு இயங்குதளமாயின், விண்டோசுச் சின்னம் பொறித்த விசையையும் ‘ஆர்’ விசையையும் ஒருங்கே அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்னும் ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் இட்டு நுழைவு விசையை அழுத்தவேண்டும். இயங்குதளம், அதன் பிட் அளவு, செயலகத்தின் பெயர், நினைவகம் ஆகியவை முதற்பக்கத்தில் இருக்கும். வரைகலைச் செய்திகள் அடுத்த பக்கத்தில் இருக்கும். லினக்சு இயங்குதளமாயின் முனையத்தைத் திறந்து எல், எஸ், சி, பி, யூ என்று இட்டால் செயலகத்தின் விவரம் முழுதும் வரும். ஒரு தாளில் இரண்டு பத்திகள் கோடிட்டு, மென்பொருள் வேண்டுவதை ஒருபுறமும் கணினி உடையதை மறுபுறமும் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள், மராட்டியர் போர்த்துறைக் கோட்டைகள் பன்னிரண்டனை யுனெசுகோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. அதன்பின் செஞ்சியில் மேனிலை வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, கோட்டையிலுள்ள கல்யாண மகாலைக் கணினியில் முப்பரிமாண உருவமாக ஆக்கிக் காட்ட விரும்பினாள் என்று கொள்வோம். அதற்கு ஏற்ற மென்பொருள் ‘பிளெண்டர்’. அதற்கு விலை இல்லை, யாவரும் பெறலாம். ஆனால், அவள் வீட்டில் உள்ளது அவளுடைய சித்தி 2012-இல் பன்னிரண்டாம் வகுப்பிற் பெற்ற மடிக்கணினி. அவள் பிளெண்டரின் அண்மைப் பதிப்பினை நிறுவினாள். திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றி மறைந்தது, வேறொன்றும் நிகழவில்லை.

தந்தை மணிலா பயிரிடுபவர். அவ் ஆண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்ற மூட்டைகளின் பணம் கையில் இருந்தது. அடுத்த விதைப்புக்கும் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் அதுவே முதல். “புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா அம்மா?” என்றார். இருவரும் கடைக்குச் சென்றனர்.

“எல்லாம் ஓடும் ஐயா. இது புதுக் கணினி” என்றான் கடைக்காரன்.

“பிளெண்டர் ஓடுமா அண்ணா?” என்று அவள் கேட்டாள்.

“எல்லாம் ஓடும் என்றேனே, பாப்பா!”

தந்தை பணப்பையைத் தொட்டார். மகளோ, “இரண்டு நாள் பொறுங்கள் அப்பா, எங்கள் கணினி ஆசிரியரை ஒரு சொல் கேட்டு வருகிறேன்” என்றாள். கடைக்காரன் முகம் சற்றே சுருங்கிற்று. ஆயினும் பொறுத்தலால் அவர்களுக்கு இழப்பில்லை.

ஆசிரியர் அவளிடம் ஓடுமென்றோ ஓடாதென்றோ கூறவில்லை. “என்ன பிழை வந்தது? எழுதி வந்தாயா அம்மா?” என்றே முதலில் வினவினார். அவள் எழுதி வந்திருந்தாள். வரைகலைப் பகுதி ‘ஓபன்ஜிஎல்’ 4.3 என்னும் தரத்தினதாக இருத்தல் வேண்டும் என்பதே அச் செய்தியின் கருத்து. ஓபன்ஜிஎல் என்பது மென்பொருளும் வரைகலைப் பகுதியும் பேசிக்கொள்ளும் பொதுமொழி. பிளெண்டர் தன் 4.0 பதிப்பிலிருந்து, அஃதாவது 2023-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து, விண்டோசிலும் லினக்சிலும் அம் மொழியின் 4.3 தரத்தை எதிர்பார்க்கின்றது. அவளது கணினியிலுள்ள வரைகலைப் பகுதியோ இன்டெல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறையைச் சார்ந்தது. விண்டோசில் அது 3.1 வரையிலுமே பேசும். நினைவகத்தை எவ்வளவு கூட்டினாலும் இக் குறை நீங்காது. நெல்லைக் குவித்து நீர்க்குறையைத் தீர்த்தல் இயலுமோ?

“அப்படியானால் ஓடாதா ஐயா?”

“இப் பதிப்பு ஓடாது. பழைய பதிப்புகளையும் அவர்கள் காத்து வைத்திருக்கின்றனர். அவற்றின் பட்டியலைப் பார்த்தாயா?”

அவள் பார்த்தாள். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 2.79 பதிப்புக்கு வேண்டுவன: ஓபன்ஜிஎல் 2.1, 2 கிகாஹெர்ட்சு விரைவும் இரண்டு உட்கருவும் உடைய செயலகம், 2 ஜிகாபைட் நினைவகம், குறுக்கில் 1,280, நெடுக்கில் 768 புள்ளிகளுடைய திரை. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளுட் பல 2 ஜிகாபைட் நினைவகமும், 320 ஜிகாபைட் வன்தட்டும், 14 அங்குலத் திரையும் உடையவை. அவளதும் அத்தகையதே. திரை 1,366-க்கு 768. செயலகம் 2 கிகாஹெர்ட்சுக்குச் சற்று மேற்பட்டது. இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டபொழுது ஒவ்வொரு வரியிலும் கணினி தேறிற்று. நினைவகத்தில் மட்டும் மயிரிழையில் தேறிற்று.

ஈண்டு வியப்பான செய்தி ஒன்று உண்டு. இத் திட்டத்துக் கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் லினக்சு இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய அதனைப் பலர் திறந்தும் பார்த்திலர். மேற்சொன்ன சாண்டி பிரிட்ஜ் வரைகலைப் பகுதி, விண்டோசில் 3.1 தரத்தோடு நின்றுவிடினும், லினக்சின் அண்மைக்கால இயக்கிகளோடு சேர்ந்தால் 3.3 தரத்தை எட்டும். லினக்சு இயக்கிகளை ஆக்கியோர், உற்பத்தியாளர் கைவிட்ட பழைய பொறிகளுக்கும் தொடர்ந்து உழைத்தமையே காரணம். பொறி ஒன்றே, இயங்குதளம் மாறின் விடையும் மாறுகின்றது. ஆதலின் ‘இக் கணினியில் ஓடுமா?’ என்னும் வினா எப்பொழுதும் குறையுடைய வினாவே. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளத்தில், எவ்வளவு பெரிய வேலைக்கு என்பனவும் சேர்ந்தால்தான் வினா முழுமைபெறும்.

கடைக்காரர் ஒருவரின் சொல்லை ஐயுறுதல் எளிது. பெரிய நிறுவனத்தின் முத்திரையை ஐயுறுதல் அரிது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற கணினிகளில் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்னும் பொருள்படும் சிறு ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருந்தது. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விஸ்டா இயங்குதளம் 2007-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் பொதுமக்களுக்கு வந்தது. விளம்பரங்களிற் கண்ட பளபளக்கும் கண்ணாடித் தோற்றம் அக் கணினிகளுட் பலவற்றில் தோன்றவில்லை. அவற்றில் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடிற்று. ‘ஏற்றது’ என்னும் சொல் பொய்யன்று. ஆனால், வாங்கியோர் கொண்ட பொருளும் விற்றோர் கொண்ட பொருளும் வேறாயின. வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கில் வெளிவந்த மடல்களால், அந் நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே அவ் ஒட்டுவில்லையை நம்பி ஒரு மடிக்கணினி வாங்கி, மின்னஞ்சலுக்கு அன்றி வேறொன்றுக்கும் அஃது உதவாமை கண்டு நொந்தார் என்பது உலகிற்குத் தெரிந்தது. 2009-இல் அவ் வழக்கு கூட்டு வழக்கென்னும் நிலையை இழந்தது. ஒட்டுவில்லையின் கதை மட்டும் நிலைத்துவிட்டது.

அந் நிறுவனமே 2021-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் விண்டோசு 11-ஐ அறிவித்தபொழுது, கணினி அதற்கு ஏற்றதா என்று சோதிக்கும் சிறு மென்பொருள் ஒன்றனையும் உடன் அளித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால், அச் சோதனை ‘ஓடாது’ என்று மட்டும் கூறிற்று. ஏன் ஓடாது என்று கூறவில்லை. விலையுயர்ந்த புதிய கணினி வைத்திருந்தோரும் அச் சொல்லைக் கண்டு திகைத்தனர். சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டு, காரணங்களைக் கூறும் வடிவில் செப்டம்பரில் மீண்டும் வந்தது. விண்டோசு 11 வேண்டும் நினைவகம் 4 ஜிகாபைட்டே. வன்தட்டில் 64 ஜிகாபைட். பலரைத் தடுத்தவை அவையல்ல; ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017-க்குப் பிற்பட்ட செயலகங்களையே ஏற்கும் பட்டியலுமே தடுத்தன. அப் பாதுகாப்பு வசதி பல கணினிகளில் உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணினி தொடங்கும்பொழுது தோன்றும் அமைப்புத் திரையில் அதனை இயக்கிவிட்டாலே போதும். ‘ஓடாது’ என்னும் ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கணினியையே மாற்றியவர் எத்தனைபேரோ! காரணம் கூறாத விடை விடையாகாது.

விளையாட்டுகளை நோக்கின் கணக்கு இன்னும் நுட்பமாகும். 1993-ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டுக்கு வேண்டியிருந்த நினைவகம் 4 மெகாபைட். பதினான்கு ஆண்டுகட்குப் பின் வந்த கிரைசிசுக்கு 1 ஜிகாபைட். அதுவும் குறைந்த அளவு. இருநூற்றைம்பத்தாறு மடங்கு! எழுதும் மென்பொருள் சற்றுத் தாமதித்தால் எழுதுபவர் பொறுப்பர். விளையாட்டில் பொறுத்தல் இயலாது. ஒரு நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஆயிரத்தில் 16 அல்லது 17 பங்கு நொடிக்குள் வரைந்து முடிக்கவேண்டும். 50 பங்கு ஆயின் நொடிக்கு 20 படங்களே கிடைக்கும். ஓடும் குதிரை நொண்டிக் குதிரையாகத் தோன்றும். அப்பொழுது திரையின் நுணுக்கத்தைக் குறைத்துப் பார்க்கலாம். 1,920-க்கு 1,080 என்னும் திரையில் உள்ள புள்ளிகள் 20,73,600. அதனை 1,280-க்கு 720 ஆக்கினால் 9,21,600 புள்ளிகளே. பளு பாதிக்கும் கீழாகக் குறைகின்றது. நிழல், நீரலை, புகை முதலியவற்றின் தரத்தைத் தாழ்த்துவதும் அத்தகையதே. செயலகம் பிந்துமாயின் இதனால் பயனில்லை. வரைகலைப் பகுதி பிந்துமாயின் மிக்க பயனுண்டு. எது பிந்துகின்றது என்பதை, கட்டுப்பாடு, மாற்று, விலகு என்னும் மூன்று விசைகளுள் நடுவிலுள்ளதை விடுத்து, கட்டுப்பாட்டு விசையோடு மேலெழுத்து விசையையும் விலகு விசையையும் ஒருங்கே அழுத்தினால் தோன்றும் பணி மேலாளர் திரையிற் காணலாம். நூற்றுக்கு நூறாய் நிற்பது எதுவோ அதுவே வற்றிய குளம்.

கணினியின் பட்டியலை மென்பொருளின் பட்டியலோடு தாமே ஒப்பிட்டு விடைகூறும் சோதனைக் கருவிகளும் உள்ளன. அவை உதவும். ஆயினும் எழுத்தில் உள்ளதையே அவை காணும். செஞ்சியில் சித்திரை வெயில் பாறைகளைச் சுட்டுவிடும். இரவிலும் அனல் தணியாது. அவ் வெப்பத்தில், உள்விசிறியில் பன்னிரண்டு ஆண்டுத் தூசி அடைந்த மடிக்கணினி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்கலத்தில் ஓடும்பொழுதும் அவ்வாறே. இதனை எந்தப் பட்டியலும் கூறாது. ஒருமணி நேரம் ஓட்டிப் பார்த்தால் விளங்கும். விலைகொடுத்து வாங்கும் விளையாட்டாயின் முன்னோட்டப் பதிப்பு இருக்கின்றதா என்று பார்த்து அதனை முதலில் ஓட்டுவது நன்று.

மேற்சொன்ன மாணவி விசிறியின் தூசியைத் துடைத்து, உலாவியை மூடிவிட்டு, 2.79 பதிப்பில் வேலை தொடங்கினாள். கல்யாண மகாலின் சதுர அடித்தளம் எழுந்தது, வளைவுகள் எழுந்தன, நிலைமேல் நிலையாகக் கோபுரம் உயர்ந்து கூம்பிய முடியும் அமைந்தது. மூன்று குன்றுகளையும் மதிலையும் சேர்த்து ஆக்க முயன்றபொழுது கணினி திணறிற்று. பணி மேலாளர் திரையில் நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எனக் காட்டிற்று. அவள் மதிலைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்தாள். கணினியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்த ஆசிரியர், நினைவகத்துக்கு இன்னோர் இடம் காலியாக உள்ளது, ‘டிடிஆர்3’ வகையே அதிற் பொருந்தும், புதிய கணினிகளின் ‘டிடிஆர்4’ பொருந்தாது என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தார். இயங்குதளம் அந் நினைவகத்தை ஏற்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொண்டார்.

தந்தை அச் சீட்டுடன் அதே கடைக்குச் சென்றார்.

“கணினி வாங்கவில்லையா ஐயா?” என்றான் கடைக்காரன்.

“வாங்குவோம் தம்பி, அடுத்த ஆண்டு. அப்பொழுது அவள் ஒரு தாள் எழுதித் தருவாள், அதில் உள்ளபடி இருந்தால் எடுத்துக்கொள்வோம்” என்று கூறி, சீட்டை அவன்முன் வைத்தார்.